‘கடலில தள்ளு’ வேண்டாம், ‘வலையில தள்ளு’ போதும்: ஊர் அணிக்குக் கோஷம் போடப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இரண்டு வருஷத்துக்கு முன் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு செவன்ஸ் டோர்னமென்ட், அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து. அரையிறுதி. எங்கள் ஊர் அணி ஒரு கோல் முன்னால் நின்றது. கோஷத்தை எடுத்துக்கொடுப்பது நான். “கடலில தள்ளு! கடலில தள்ளு!” என்று நான் எடுக்க, பின்னால் இருநூறு பேர் ஏற்றுப் பாடினார்கள். சின்ன வயதிலிருந்து பாடுகிற வரி என்பதால் அதில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. எதிரணியின் ஊரும் கடற்கரை ஊர்தான். அந்தப் பக்கம் டிரம் அடித்துக்கொண்டிருந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. குச்சி இரண்டையும் டிரம்மின் மேல் குறுக்காக வைத்தான், எழுந்தான், யாரையும் பார்க்காமல் மைதானத்தை விட்டு வெளியே நடந்தான். அவன் அப்பா ஒக்கிப் புயலில் போனவர், உடல்கூடக் கிடைக்கவில்லை என்பது அன்று ராத்திரிதான் எனக்குத் தெரிந்தது.

ஆட்டம் இருபத்தைந்து நிமிடம் நின்றது. நாங்கள் கட்டியிருந்த 5,000 ரூபாய் காப்புத்தொகை போயிற்று. அடுத்த வருஷம் மேளத்தோடு வர வேண்டுமானால் எல்லாப் பாட்டு வரிகளையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கமிட்டி சொல்லிவிட்டது. எப்படி எழுதுவது, யாரிடம் காட்டுவது, எந்தக் காகிதம் எங்கே கொடுப்பது, எவ்வளவு செலவாகும், எதையும் சொல்லித்தர ஆள் இல்லை. ஐந்து மாதம் தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டோம். கன்னியாகுமரி மாவட்டத்தில் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை கடற்கரையிலும், மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கமும் புதிதாக ரசிகர் கூட்டம் சேர்க்கிற பிள்ளைகள் அந்த ஐந்து மாதத்தை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. இப்போது பாடுவதை முதலில் எழுதி எடுங்கள்

“நம்ம என்னென்ன பாடுறோம்?” என்று கூட்டத்தில் கேட்டால் எட்டுப் பாட்டு சொல்வார்கள். போனில் பதிவு செய்து கேட்டால் இருபதுக்கு மேல் வரும். எங்களுக்கு இருபத்துமூன்று வந்தது. அதனால் வாயால் கேட்டு எழுதாதீர்கள். இரண்டு ஆட்டம் முழுக்க, கூட்டத்தின் நடுவில் ஒருவரும் ஓரத்தில் ஒருவரும் நின்று பதிவு செய்யட்டும். ஓரத்தில் நிற்பவரின் பதிவு ரொம்ப முக்கியம். மோசமான வரிகள் எல்லாம் பெரும்பாலும் ஓரத்தில்தான் பிறக்கின்றன.

ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: வரி, எடுத்துக்கொடுத்தவர், எந்த நேரத்தில் வந்தது, எத்தனை கைதட்டு. கெட்ட வார்த்தை வந்தால் புள்ளி வைத்து மறைக்காமல் அப்படியே எழுதுங்கள். மறைத்து எழுதினால் பிறகு உட்கார்ந்து பேசும்போது ‘அதுல அப்படி ஒண்ணும் இல்லையே’ என்று ஒரு ஆள் நிச்சயம் சொல்வார்.

நேரத்தை ஏன் எழுதச் சொல்கிறேன் என்பது நான்காவது படியில் புரியும்.

2. எந்தச் சொல் போக வேண்டும் என்று பிரியுங்கள்

நோட்டை வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் வட்டம் போடுங்கள். எங்கள் மாவட்டத்தில் நான்கு வகைச் சொற்கள் வட்டத்துக்குள் வரும்.

முதல் வகை, கடலில் நேர்ந்த சாவு. ‘கடலில தள்ளு’, ‘மூழ்கடி’, ‘கரை சேராதே’ எல்லாம் இதில் சேரும். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி, தூத்தூர் முதல் வள்ளவிளை வரை எத்தனை வீடுகளில் இன்னும் முடியாத காத்திருப்பாக இருக்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதைவிடக் கவனிக்க வேண்டியது, திட்டாக இல்லாமல் பெருமையாக வருகிற சொல். “சுனாமி போல வாறோம்” என்று நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம். யாரையும் திட்டவில்லை, நம்மைப் பற்றித்தானே பாடுகிறோம் என்ற எண்ணம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் சொந்தங்களை இழந்த குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி ஆட்கள் பக்கத்தில் நிற்கும்போது அந்தச் சொல் என்ன செய்யும்? அதிலும் நம் டோர்னமென்ட்டுகள் பல கிறிஸ்துமஸை ஒட்டித்தான் நடக்கின்றன. டிசம்பர் 26 சாயங்காலம், காலையில் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்த ஒரு அம்மாவின் காதில் இந்த வரி விழுவதை நினைத்துப் பாருங்கள்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. இங்கிலாந்தில் 1958 மியூனிக் விமான விபத்தில் மான்செஸ்டர் யுனைடெட் வீரர்கள் எட்டுப் பேர் இறந்தார்கள். 1989 ஹில்ஸ்பரோ நெரிசல் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேரின் உயிரைப் பறித்தது. இந்தச் சாவுகளைச் சொல்லி ஒருவரை ஒருவர் கேலி செய்கிற பாட்டுகள் அங்கே வருஷக்கணக்கில் ஓடின. 2012-இல் லிவர்பூல் மைதானத்துக்குப் போன யுனைடெட் ரசிகர்களின் கையில், பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசனே எழுதிய கடிதத்தைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் நின்றபாடில்லை. இன்று அங்கே இப்படிப் பாடிப் பிடிபட்டால் மைதானத்துக்குள் நுழையத் தடை, வழக்கும் வரலாம்.

இரண்டாவது வகை, சாதி, மதம், மொழி. இங்கே சமாதானமே கிடையாது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களைச் சாதிப் பெயர் சொல்லிப் பொது இடத்தில் இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை. மதத்தின் பேரில் பகை மூட்டினால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-வது பிரிவு, மூன்று வருஷம் வரை. கோயில் அல்லது சர்ச்சுக்குள் என்றால் ஐந்து வருஷம் வரை. 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரத்தைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அதனால் சாமி பெயர், புனிதர் பெயர் எதுவும் கோஷத்தில் வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்தோம். உங்கள் பாதுகாவலர் பெயரை ஆசையோடுதான் சொல்வீர்கள். எதிர்ப்பக்கம் அதற்குப் பதிலாக வேறொரு பெயரைச் சொல்லும்போது ஆட்டம் ஆட்டமாக இருக்காது. மொழி விஷயமும் அப்படித்தான். கேரளத்துக்கு ஆடப் போன நம்மில் பலர், தமிழரை இழிவாகச் சொல்லும் ‘பாண்டி’ என்ற சொல்லைக் கேட்டிருப்போம். வலிக்கும்தான். அதற்காகக் களியிக்காவிளை எல்லை தாண்டி வருகிற கேரள அணியை நாம் அதே மாதிரி பேசக் கூடாது.

மூன்றாவது வகை, பெண்களை வைத்துத் திட்டுவது. அம்மா, அக்கா பேரில் வருகிற வசைகள் எல்லோருக்கும் தெரியும். பொது இடத்தில் ஆபாசப் பாட்டுப் பாடினால் சன்ஹிதாவின் 296-வது பிரிவில் மூன்று மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு, இரண்டும்கூடக் கிடைக்கலாம். யாரும் கண்டுகொள்ளாதது, “தோத்தா சேலை கட்டு”, “வளையல் போடு” மாதிரியான வரிகள். தமிழ்நாட்டு மகளிர் அணி 2018-இலும் 2023-இலும் தேசியப் பட்டம் வாங்கியது. சேலை கட்டுவதைத் தோல்விக்கு அடையாளமாகப் பாடும்போது, நம் பக்கத்திலேயே நின்று கைதட்டுகிற தங்கச்சிமார் கையை இறக்கிவிடுகிறார்கள். எங்கள் பதிவில் அது துல்லியமாகக் கேட்கிறது. அந்த வரி வந்ததும் சத்தம் பாதியாகிறது.

நான்காவது வகை, உடம்பும் நிறமும். இதிலும் பாராட்டு என்று நினைத்துத் தப்பு செய்கிறோம். 2017-இல் தங்கள் அணி வீரர் ரொமேலு லுகாகுவைப் புகழ்வதாக நினைத்து மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் ஒரு பாட்டுப் பாடினார்கள். கறுப்பின ஆண்களின் உடம்பைப் பற்றிய பழைய ஏளனம்தான் அதில் இருந்தது. கிளப்பே அதை நிறுத்தச் சொன்னது. செவன்ஸ் ஆட ஆப்பிரிக்க வீரர்கள் கேரளத்துக்கு நிறைய வருகிறார்கள். 2024 மார்ச்சில் மலப்புரம் மாவட்டம் அரீக்கோட்டில் ஐவரி கோஸ்ட் வீரர் ஒருவரைக் கூட்டம் துரத்தி அடித்தது. இனத்தைச் சொல்லி இழிவாகப் பேசினார்கள் என்று அவர் போலீசில் புகார் கொடுத்தார். குரங்குச் சத்தம், நிறத்தைச் சொல்லும் பட்டப்பெயர், இரண்டும் வேண்டாம். நம் அணியில் ஆடும் வீரருக்கு நாமே அன்பாக வைத்த ‘கறுப்பன்’ என்ற பெயரையும் அவரிடம் தனியாகக் கேட்டுவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்டோம். பிடிக்காது, இவ்வளவு நாள் சொல்லவில்லை என்றார்.

அப்படியென்றால் கேலியே கூடாதா? கூடும். இன்றைக்கு இந்த மைதானத்தில் ஒருவர் செய்ததைக் கேலி செய்யலாம். கோலி (கோல்கீப்பர்) பந்தை விட்டால் ‘ஓட்டைக் கை’ என்று கத்துங்கள். ஆளே இல்லாத இடத்துக்குப் பாஸ் கொடுத்தால் ‘யாருக்கு மக்கா, யாருக்கு?’ என்று கேளுங்கள். ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது அவர் மைதானத்திலேயே விட்டுவிட்டுப் போகக்கூடிய கேலியாக இருக்க வேண்டும். பிறப்பு, இழப்பு, உடம்பு இவற்றை அவர் எங்கே விட்டுப் போவார்?

3. தாளத்தைத் தொடாதீர்கள், சொல்லை மட்டும் மாற்றுங்கள்

இந்த இடத்தில்தான் எங்களுக்கு மூன்று மாதம் வீணாகப் போனது. பழைய பாட்டுகளை எல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு, நன்றாக எழுதத் தெரிந்த ஒரு தம்பியை வைத்துப் புதிதாகப் பதினைந்து பாட்டு எழுதினோம். அழகான தமிழ். ஒன்றுகூட மைதானத்தில் எடுபடவில்லை. பாடிப் பழகிய வாய் பழைய தாளத்துக்கே ஓடியது, தாளம் வந்ததும் பழைய சொல்லும் பின்னாலேயே வந்துவிட்டது.

வழி எங்கிருந்து கிடைத்தது என்றால், அந்த டிரம் பையனின் வீட்டிலிருந்து. எங்கள் பங்குப்பேரவையில் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போயிருந்தோம். அவன் அம்மா வலைக்கூடத்துப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “பாடுங்க மக்களே, பாட்டு வேண்டாம்னு யாரு சொன்னா? அந்த ஒரு சொல்ல மட்டும் எடுங்க” என்றார். திரும்பி வரும் வழியில் பைக்கிலேயே அந்தச் சொல் மாறிவிட்டது.

“கடலில தள்ளு” என்பது “வலையில தள்ளு” ஆனது.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். க-ட-லி-ல, வ-லை-யி-ல. அதே நான்கு அடி, அதே இடத்தில் கைதட்டு. டிரம் அடிப்பவருக்கு எதுவும் மாறவில்லை. முன்பு எதிரணியை நோக்கிக் கத்தினோம், இப்போது நம் ஃபார்வர்டை நோக்கிக் கத்துகிறோம், பந்தை வலைக்குள் தள்ளச் சொல்லி. மீன் வலையும் அதுதான், கோல் வலையும் அதுதான். கடற்கரைக்காரன் வாய்க்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

இதே முறையில் மற்றவற்றையும் பாருங்கள். “சுனாமி போல வாறோம்” ஏழு அடி. “ஆரல்வாய்க் காத்தா வாறோம்” அதுவும் ஏழு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி ஆடியில் அடிக்கிற காற்று நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற காற்று. வேகமும் இருக்கிறது, சாவும் இல்லை. “தோத்தா சேலை கட்டு” என்பதை “தோத்தா சாயா வாங்கு” என்று மாற்றினோம். ஆறுக்கு ஆறு.

எழுத்தை எண்ணாதீர்கள், கைதட்டிக்கொண்டே சொல்லி எண்ணுங்கள். ஒற்றெழுத்து தனி அடியாக வராது. குறிலை இழுத்து நெடில் மாதிரிப் பாடுகிற வழக்கமும் நமக்கு உண்டு. பழைய சொல்லின் முதல் ஓசைக்குப் பக்கத்து ஓசையில் புதுச் சொல் தொடங்கினால் இன்னும் சுலபமாக நாக்கு பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கு மேற்பட்ட சொல்லை மாற்ற வேண்டி வந்தால் அந்தப் பாட்டைக் கைவிடுவது நல்லது, தேறாது.

புதிதாகவே ஒன்று வேண்டுமென்றால், கரையில் நின்று கரமடி வலை இழுக்கும்போது ஒருவர் எடுக்க மற்றவர்கள் ஏற்கும் ‘ஏலேலோ, ஐலசா’ அமைப்பை வைத்துக்கொள்ளுங்கள். எடுப்பவர் வரி எவ்வளவு மாறினாலும் கூட்டம் சொல்ல வேண்டியது ஒரே சொல். மனப்பாடம் தேவையில்லை. எடுப்பவர் நம் வீரர் ஒருவரின் பெயரும் அவர் ஊரின் பெயரும் சொல்ல, கூட்டம் ‘ஐலசா’ என்றால் போதும். இரவிபுத்தன்துறைக்காரரான மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) வரை போய் ஆடினார். நம் பிள்ளைகளின் பெயரைப் பாடவே ஒரு ஆட்டத்தின் நேரம் போதாது. எதிரணியைப் பற்றி எதற்கு இவ்வளவு பாட்டு?

4. காலி நேரத்தை நிரப்புங்கள்

மோசமான வரி எப்போது வருகிறது என்று உங்கள் நோட்டின் மூன்றாவது கட்டத்தைப் பாருங்கள். ஆட்டம் விறுவிறுப்பாக இருக்கும்போது வராது. கோல் கிக் எடுக்கக் கோலி பந்தை வைக்கும்போது, அடிபட்டு ஒருவர் கிடக்கும்போது, இடைவேளையில், இப்படி ஆட்டம் நின்றிருக்கும்போதுதான் வரும்.

மெக்சிகோ ரசிகர்கள் எதிரணிக் கோலி கோல் கிக் அடிக்கும் நொடியில் கத்துகிற ஒரு இழிசொல் உலகம் முழுக்கப் பேர்பெற்றது. ஃபிஃபா திரும்பத் திரும்ப அபராதம் போட்டது. 2021-இல் இரண்டு சொந்த மைதான ஆட்டங்களை ரசிகர்கள் இல்லாமல் ஆட உத்தரவிட்டது. 2023 ஜூனில் லாஸ் வேகஸில் அமெரிக்காவுடன் நடந்த அரையிறுதியை இதனாலேயே நடுவர் நேரம் முடியும் முன்பே முடித்தார். ‘கத்தாதே’ என்று சொன்னால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அந்த நொடியில் கத்துவதற்கு வேறு ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும்.

நாங்கள் கோல் கிக்குக்கு வைத்தது: டிரம் மூன்று அடி, ஒவ்வொரு அடிக்கும் கூட்டம் “ஒண்ணு… ரெண்டு… மூணு…”, கால் பந்தைத் தொட்டதும் “போடு!” அவ்வளவுதான். அடிபட்டு ஆள் கிடந்தால் டிரம் முழுக்க நிற்கும், எந்த அணி ஆளாக இருந்தாலும். எழுந்ததும் எல்லோரும் கைதட்ட வேண்டும்.

5. ஊரில் நான்கு பேருக்குப் படித்துக் காட்டுங்கள்

மாற்றிய வரிகளை உங்கள் வயதுக்காரர்களிடம் மட்டும் காட்டினால் எல்லாம் கொள்ளாம், நன்றாக இருக்கிறது என்பார்கள். கடலில் ஆளை இழந்த வீட்டில் ஒருவர், ஆட்டம் பார்க்க வரும் பெண்களில் ஒருவர், ஒரு பள்ளி ஆசிரியர், பக்கத்து ஊரில் அல்லது வேறு மதத்தில் ஒரு நண்பர், இவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். தாளைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். தாளத்தோடு வாய்விட்டுப் பாடிக் காட்டுங்கள். எழுத்தில் தெரியாத இரட்டை அர்த்தம் பாடும்போது தெரியும். எங்கள் இரண்டு வரிகள் அப்படித்தான் கழிந்தன. சொன்னது அந்த ஆசிரியை.

பாடிக் காட்டும்போது விளக்கம் சொல்லாதீர்கள். விளக்கம் சொல்லித்தான் காப்பாற்ற வேண்டிய வரியென்றால் அதை எடுத்துவிடுங்கள்.

6. காகிதங்கள்

பாட்டுத் தாள்: எல்லா வரிகளும் டைப் செய்து, மேலே தேதி, கீழே பொறுப்பாளர் மூவரின் கையெழுத்து. கமிட்டிக்கு இரண்டு பிரதி கொடுத்து ஒன்றில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை இதை வாங்காமல் வந்துவிட்டோம். தாளே வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள், திரும்பக் கொடுக்க ஒருநாள் வேலை போயிற்று.

பொறுப்பாளர் பட்டியல்: பெயர், போன் எண், ஆதார் நகல். எங்களிடம் ஐம்பது பேருக்கு ஒருவர் என்று கேட்டார்கள்.

மேளத்துக்கும் கொடிக்கும் அனுமதிக் கடிதம்: டோர்னமென்ட் கமிட்டிக்கு எழுதுங்கள். டிரம் எத்தனை, செண்டை எத்தனை, கொடிக்கம்பு எவ்வளவு நீளம், எல்லாம் அதில் இருக்கட்டும். பட்டாசு கிடையாது என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

போலீஸ் அனுமதி: மைதானத்துக்குள் மைக் செட் வைப்பது கமிட்டியின் பொறுப்பு. நீங்கள் தனியாக ஒலிபெருக்கி வைத்தால் அதற்கு எழுத்தில் அனுமதி வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது, மேளம் மாதிரிச் சத்தம் எழுப்பும் கருவிகளுக்கும் இது பொருந்தும். ஃப்ளட்லைட் ஆட்டம் என்றால் கடைசி ஆட்டம் எப்போது முடியும் என்று முதலிலேயே கேளுங்கள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் இருக்கும் இடத்திலிருந்து 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கலாம், அதையும் பாருங்கள்.

இங்கே எல்லோரும் மாட்டிக்கொள்கிற ஒரு கண்ணி இருக்கிறது. பஸ் நிறுத்தத்திலிருந்து மைதானம் வரை மேளத்தோடு நடந்து போவதை நாம் ஊர்வலமாக நினைப்பதில்லை. போலீஸ் அப்படித்தான் நினைக்கும். அதற்குத் தனியாக மனுக் கொடுங்கள்: தேதி, நேரம், தொடங்கும் இடம், போகும் வழி, எத்தனை பேர், பொறுப்பாளர் யார். பத்து நாள் முன்னால் கொடுத்துவிடுவது நல்லது. வழியில் வேறு மதத்துக் கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ இருந்தால் அந்த இடத்தில் மேளம் நிற்கும் என்று மனுவிலேயே எழுதுங்கள், எழுதியபடி நிறுத்துங்கள்.

7. செலவு

எங்களுக்கு ஆனதைச் சொல்கிறேன், ஊருக்கு ஊர் கூடும் குறையும். டைப் செய்ய 100 ரூபாய். இருபக்கத் தாள் 120 பிரதி, 480 ரூபாய். டிரம் தோல் இரண்டு மாற்றியது 1,800. பத்துக்கு மூன்று அடி ஃப்ளெக்ஸ் ஒன்று 450. ஐந்து நாள் ஒத்திகைக்குச் சாயாவும் ரசவடையும் 2,400. நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்துக்கு ஒருநாள் வேன் 4,500. மொத்தம் 9,730. காப்புத்தொகை 5,000 தனி, ஒழுங்காக நடந்தால் திரும்பி வரும்.

சிங்காரி மேளக் குழுவை வாடகைக்குக் கேட்டோம், மூன்று மணி நேரத்துக்கு 18,000 சொன்னார்கள். வேண்டாம் என்று விட்டது பணத்துக்காக மட்டும் இல்லை. வாடகை மேளம் தனக்குத் தெரிந்த தாளத்தை அடிக்கும், உங்கள் பாட்டுக்கு நிற்காது. ஊர்ப் பிள்ளைகள் நான்கு பேர் பழைய டிரம்மில் அடிப்பதுதான் சரி.

ஆளுக்கு 50 ரூபாய் வீதம் 210 பேரிடம் வாங்கினோம். கணக்கைப் படிப்பகத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். ஃப்ளெக்ஸுக்குப் பணம் தருகிறேன், என் பெயரைக் கோஷத்தில் சேர்த்துக்கொள் என்று ஒருவர் வருவார், தேர்தல் நேரமென்றால் இரண்டு பேர் வருவார்கள். கை கூப்பி அனுப்பிவிடுங்கள்.

8. எப்போது தொடங்குவது

கிறிஸ்துமஸ் டோர்னமென்ட்டுக்கு ஆகஸ்டில் பதிவும் நோட்டும், செப்டம்பரில் பிரிப்பதும் மாற்றுவதும், அக்டோபரில் படித்துக் காட்டுவது, நவம்பரில் ஒத்திகை. நவம்பர் 29, 30 இரண்டு நாளும் ஒத்திகை வைக்க வேண்டாம், ஒக்கி நினைவு நாள். காகிதங்கள் டிசம்பர் முதல் வாரம்.

கடலுக்குப் போகும் ஆட்களும் உங்கள் கூட்டத்தில் இருந்தால் விசைப்படகுத் தடைக்காலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் திரும்ப வாரக்கணக்கில் ஆகும், அவர்களுக்குப் பாட்டை வாய்ஸ் மெசேஜாக அனுப்பி வையுங்கள், கரைக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் கேட்பார்கள். மார்ச்சில் பொதுத்தேர்வு, ஒன்றும் நடக்காது. ஒத்திகைக்கு நல்ல நேரம் ஞாயிறு, திருப்பலியும் மறைக்கல்வியும் முடிந்த பிறகு சாயங்காலம். ஒரு ஒத்திகை நாற்பது நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

9. ஆட்ட நாள்

டிரம் அடிப்பவர்கள் கூட்டத்தின் நடுவில் நிற்கட்டும், ஓரத்தில் நிறுத்தாதீர்கள். எடுத்துக்கொடுப்பவர் கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும், ஆட்டத்தைப் பார்த்து அல்ல. கஷ்டமான வேலைதான், இருபது நிமிடத்துக்கு ஒரு ஆள் மாறுங்கள். பொறுப்பாளர் ஒருவர் ஓரத்தில் நிற்கட்டும்.

யாராவது பழைய வரியைத் தொடங்கினால் மைக்கில் ‘அதைப் பாடாதே’ என்று சொல்லாதீர்கள். நாங்கள் ஒரு தடவை சொன்னோம், இரண்டு மடங்கு சத்தமாகப் பாடினார்கள். டிரம்மை நிறுத்துங்கள். தாளம் இல்லாமல் பத்து நொடிக்கு மேல் எந்தக் கோஷமும் நிற்காது. அது தளர்ந்ததும் அதே தாளத்தில் புது வரியை எடுங்கள். முதல் ஆட்டத்தில் ஆறு தடவை நிறுத்தினோம், இறுதிப்போட்டியில் ஒரே ஒரு தடவை.

ரீல்ஸ் போடுகிறவர்கள் கவனிக்க: பின்னணியில் மைக் செட்டில் சினிமாப் பாட்டு ஓடினால் சத்தம் முடக்கப்படலாம். பழைய வரி கேட்கிற துண்டை ஏற்றாதீர்கள், ஒருவர் பாடியது இருநூறு பேர் தலையில் விழும்.

காப்புத்தொகை வாங்க ஆட்டம் முடிந்த அன்றே கேளுங்கள். ரசீதைக் கையில் வைத்திருங்கள்.

கையில் இன்னும் ஒரு ஆயிரம் ரூபாய் வைத்திருங்கள். இறுதிப்போட்டியில் எங்களை எதிர்த்து ஆடியது அதே ஊர். நாங்கள் 2-1 என்று தோற்றோம். “தோத்தா சாயா வாங்கு” என்று ஆட்டம் முழுக்கப் பாடிவிட்டு வாங்காமல் போக முடியுமா? அறுபது சாயா, 12 ரூபாய் வீதம் 720. அந்த டிரம் பையனும் வந்திருந்தான். சாயாவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, “அண்ணா, அந்த ஆரல்வாய்க் காத்துப் பாட்டுக்கு எப்பிடி அடிக்கிய?” என்று கேட்டான். எங்கள் டிரம்மைக் கொடுத்தோம், இரண்டு தடவையில் பிடித்துக்கொண்டான். பாட்டுத் தாளும் கேட்டான், எங்களிடம் ஒன்றுகூட மிச்சமில்லை. பத்துப் பிரதி கூடுதலாக எடுத்துப் போங்கள்.